நாற்றழுகல்

"ஏன்டி ஸோயா, நீ மிளகாய் போட்டியா, சேமியா போட்டியா? ஒவ்வொண்ணும் நூல் மாதிரி நெட்டையா நிக்குதே!"

லீதியா பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கண்ணாடி அடைத்த தாழ்வாரத்துக்குள் வந்துவிட்டாள். ஒரு வருடமாக இந்த வாசலை மிதிக்காதவள். சந்தையில் யாரோ, ஸோயா வீட்டு நாற்றெல்லாம் சாய்கிறது என்றார்களாம். பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாளாம். வேண்டாமென்றால் சந்தேகம் வரும். ஸோயா கதவை முழுசாகத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

"உக்காருங்க அக்கா, டீ போடறேன்."

"டீ இருக்கட்டும். திரையை ஏன் இழுத்து மூடி வச்சிருக்கே?"

"குளிர்காத்து வருது அக்கா."

"மார்ச் வந்தாச்சு, இன்னும் என்ன குளிர்? வெளிச்சம் இல்லாமதான் இதுங்க கழுத்தை நீட்டுது."

லீதியா மரப்பெட்டிகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சரியாக அவள் காலடியில், தரைப் பலகைக்குக் கீழே, உருளைக்கிழங்கு சேமிக்கும் குழியில் வலேரி மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தான். ஆப்கன் போரிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்த ஸோயாவின் மகன். விடுப்பு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ராணுவ அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை வந்து தேடிவிட்டுப் போய்விட்டார்கள்.

"இது நெட்டையா வளர்றதோட நிக்கலை" என்று லீதியா ஒரு நாற்றைப் பிடுங்கிக் காட்டினாள். மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, நூலாய் இளைத்திருந்தது. "நாத்தழுகல். தண்ணி ஜாஸ்தி. குளிர்ந்த தண்ணி வேற. என்னைக்கு ஊத்துவே?"

"புதன், ஞாயிறு. வெந்நீர் கலந்து, கரண்டியால, ஓரமா."

"இன்னைக்கு சனி. மண்ணைத் தொட்டுப் பாரு."

ஸோயா தொட்டாள். சொதசொதவென்று இருந்தது. அவளுக்கே அது புதிதாக இருந்தது.

"பெட்டி நடுவுல பாரு, குழி விழுந்திருக்கு. உயரத்துல இருந்து டம்ளரால ஊத்தினா இப்படித்தான் விழும். நீ ஓரமா ஊத்தறவ."

ஸோயாவுக்குப் புரிந்துவிட்டது. பாவிப்பயல்! அவள் தூங்கினதும் குழியை விட்டு மேலே வந்து, சும்மா இருக்க முடியாமல் அம்மாவுக்கு ஒத்தாசை செய்திருக்கிறான்.

"பூனை... பூனை தட்டிவிட்டிருக்கும் அக்கா."

"உன் வீட்டுப் பூனைக்கு டம்ளர் பிடிக்கத் தெரியுமா?" லீதியா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இதுக்குத் தண்ணி ஊத்தறது ரெண்டு பேர் கை, ஸோயா."

பலகைக்கு அடியில் மெல்ல ஏதோ உராய்ந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது.

ஸோயா அப்படியே மண்டியிட்டு, லீதியாவின் மண் ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை. திரும்பிப் போனா அவன் உசிரோட வரமாட்டான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

லீதியா கையை உடனே உருவிக்கொள்ளவில்லை.

"போன மார்ச்ல நானும் இப்படித்தான் உன் கையைப் பிடிச்சேன். என் பையன் ஜெனா வீட்டுக்குள்ளதான் இருக்கான், யார்கிட்டயும் சொல்லாதேன்னு. நீ சரின்னு தலையாட்டினே. சாயங்காலத்துக்குள்ள வந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க. நாலே மாசம். துத்தநாகச் சவப்பெட்டியில அடைச்சு அனுப்பினாங்க, திறந்து முகத்தைக்கூடப் பாக்க விடலை. காட்டிக்கொடுத்தா உன் மகனைப் போருக்கு அனுப்பாம விட்டுடுவாங்கன்னு நம்பினியாக்கும்?"

ஸோயா தலை குனிந்து, பிடித்திருந்த கையை விட்டாள்.

லீதியா எழுந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் பூட்ஸை மாட்டினாள்.

"மூணு நாளைக்குத் தண்ணி காட்டாதே. அடுப்புச் சாம்பலைத் தூவு. மிச்சம் இருக்கறது பிழைச்சுடும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "இனிமே ஒரு கைதானே ஊத்தப்போகுது."