அஞ்சு பாயிண்ட்

போனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மனைவி குழல்வாய்மொழியிடம் நீட்டியபோது, முத்துராஜின் முகத்தில் வீட்டைத் துறந்து போகிறவனின் களை இருந்தது.

"ஏட்டி, குரூப் ஃபோர் பரீட்சை முடியுத வரைக்கும் நான் அழுது கேட்டாலும் குடுக்காத."

"அழுவீங்களா, அத்தான்?"

"சொல்ல முடியாது."

காரணம் இருந்தது. இரண்டு வருடமாக எதைப் படிப்பதென்றாலும் போனிலிருக்கும் ஏஐயிடம் கொடுத்து, "சுருக்கமா அஞ்சு பாயிண்ட்ல சொல்லு" என்று கேட்டே பழகிவிட்டான். இப்போது புத்தகத்தைத் திறந்தால் மூன்றாவது வரிக்கு மேல் கண் நகர மறுத்தது. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் வடகரையில் மாமனார் தோப்பில் தேங்காய் உரிக்க வருவதாக அவனே வாய்விட்டுச் சொல்லியிருந்தான். மாமனார் அதை மறக்கிற ஆள் இல்லை.

மறுநாள் காலை வரலாற்றுப் புத்தகத்தோடு உட்கார்ந்தான். மூன்றாவது வரியில் கை தானாகப் பீரோ பக்கம் போனது. அடுப்படியில் குழல்வாய்மொழி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இந்தப் பாடத்தைப் படிச்சுட்டு அஞ்சு பாயிண்ட்டா சொல்லேன்."

"நானா? போன்கிட்ட கேக்கக் கூடாதுன்னுதான பூட்டுனீங்க?"

"மிஷின்கிட்ட கேட்டாத்தான் தப்பு. மனுஷிகிட்ட கேட்டா அது குரூப் ஸ்டடி."

அவள் கத்தியை வைத்துவிட்டுப் படித்தாள், சொன்னாள். அவன் கண்ணை மூடிக் கேட்டு, "பிரமாதம்" என்றான். அன்றிலிருந்து குடிமையியல், புவியியல், பொருளாதாரம் எல்லாமே அடுப்படி வழியாகத்தான் அவனுக்கு வந்துசேர்ந்தன. போகப்போக அஞ்சு பாயிண்ட்டும் நீளமாகத் தெரிந்தது. மூன்றாகக் குறைக்கச் சொன்னான்.

விண்ணப்பம் போடவும் தென்காசி பிரவுசிங் சென்டருக்கு அவளைத்தான் அனுப்பினான். அத்தனை கட்டத்தையும் வரிசையாகப் பார்த்து நிரப்ப அவனுக்குப் பொறுமை ஏது? காலையில் போனவள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இலஞ்சி வீட்டுக்குத் திரும்பினாள்.

"ஒரு அப்ளிகேஷனுக்கு மூணு மணி நேரமா?"

"கூட்டம், அத்தான்."

பரீட்சை நாளன்று சாரல் பிடித்துக்கொண்டது. தென்காசிப் பள்ளிக்கூட வாசலில் குழல்வாய்மொழி அவன் சட்டைப்பையில் இரண்டு கறுப்புப் பேனாவைச் செருகி, "பதறாம எழுதுங்க" என்று உள்ளே அனுப்பினாள்.

இருநூறு கேள்வி. ஒவ்வொன்றையும் பார்த்ததும், 'இது அவ சொன்னதுல்லா' என்பது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. என்ன சொன்னாள் என்பதுதான் வரவில்லை. நூற்றுப் பதினோரு கேள்விக்கு 'விடை தெரியவில்லை' என்ற வட்டத்தை, ஓரம் பிசகாமல், அழகாகக் கறுப்பாக்கினான்.

மதியம் வெளியே வந்தபோது கேட் பக்கத்தில் குழல்வாய்மொழி நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படி, அத்தான்?"

"எல்லாம் நீ சொன்னதுதான் வந்திருக்கு. எதுக்கு எதுன்னுதான் பிடிபடல." மாமனாரின் தென்னந்தோப்பு கண்முன்னே விரிந்தது. பேச்சை மாற்றுவதற்காக அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஊரே சாரல்ல நடுங்குது. உனக்கு மட்டும் என்ன இப்படி வேர்த்து வடியுது?"

குழல்வாய்மொழி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எழுதின ரூம்ல ஃபேன் ஓடல, அத்தான்."