ஹொஸ்ரா இலைப் படையல்

விரல்கள் மடங்கவில்லை. கிழமை முழுக்கக் குளிர் அறையில் நின்று கோழி வெட்டிய விரல்கள். இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்துத்தான் அந்தத் தண்டுகளை அறுத்தேன்.

இரண்டே இரண்டு இலை.

வீட்டுக்கார றோஸ்மேரி அக்கா நாங்கள் இருக்கும் பேஸ்மென்ற் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. வேலையால் வந்தால் வீட்டுக்குள் போகுமுன் தோட்டத்தைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

வீட்டின் வடக்குப் பக்க நிழலில் அவர் வளர்ப்பது ஹொஸ்ரா. பூவுக்காக அல்ல, இலைக்காக வளர்க்கிற செடி. ஒரு குத்து, சைக்கிள் சில்லைவிட அகலம். ஒவ்வொரு இலையும் ஒரு தாம்பாளம். தோட்டக் கழகத்துக்காரர் பரிசுக்கு அளக்க வருவது அடுத்த சனிக்கிழமை.

அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன். வாழையிலைக்கு இந்த ரெக்ஸ்டேல் கடைகள் முழுக்க அலைந்தாயிற்று. செத்தவருக்குப் பேப்பர்த் தட்டில் சோறு போட மனம் வரவில்லை.

கதவு தட்டாமலே திறந்தது.

"இலை தின்ன வாற நத்தையக் கொல்லப் பியர் ஊத்தி வச்சன். ஒனக்கு என்னத்த புள்ள ஊத்தி வைக்கிற?"

நான் கத்தியைத் துணியில் துடைத்தேன்.

"ஆறு வருசம் வளத்தது. ஒரு ஓட்டை இல்லாத இலையாப் பாத்து அறுத்திருக்காய். கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அடுத்த சனிக்குள்ள மறுகா வந்திடும், அக்கா."

"வருமா? ஆரு சொன்ன? இது வசந்தத்தில ஒருக்கா விடும். அவ்வளவுதான்."

வாழையில் ஒன்றை அறுத்தால் கிழமைக்குள் அடுத்த குருத்து விரியும். இதுவும் அப்படித்தான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"சாமானக் கட்டு," என்றார். "இண்டைக்கே."

மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அகதிக் கடதாசி இன்னும் கைக்கு வரவில்லை. இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த கதவு இது ஒன்றுதான்.

அப்போதுதான் அவர் தரையைப் பார்த்தார்.

நுனி இடப்பக்கம் இருக்க இரண்டு ஹொஸ்ரா இலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். ஜாம் போத்தல் மூடியில் ஒரு திரி. சுவரில் வீரக்குட்டியின் படம்.

"ஒன்ட மனுசன்ட திவசமா?"

"ஓம். ஒரு வருசம்."

சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தார். உள்ளே வந்தார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் அதை வைக்க இடமில்லாமல் நின்றார்.

"ஒண்டு அவனுக்கு. மத்தது ஆருக்கு?"



"அவரோட சேத்துச் சுட்ட ஆளுக்கு. படைக்க ஆக்கள் இல்ல, அக்கா."

"வேற ஆளையும் சுட்டவங்களா? நீ சொல்லேல்லயே."

"எங்களோட லொறியில வந்த ஆள். பேர் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். நான் திரியைத் தூண்டினேன். அது தூண்டத் தேவையில்லாமல் நன்றாகத்தான் எரிந்தது.

பிறகு அவர் இரண்டாவது இலைக்கு முன்னால் சம்மணம் கொட்டி இருந்தார்.

"பேர் தெரியாதவனுக்குப் படைச்சதயும் ஆரும் இருந்து தின்ன வேணுமே. நான் வேதக்காரிதான், காரியமில்ல. விடிய விடிய வேலையில ஒரு தேத்தண்ணியோட நிண்டனான்."

"வேணாம்!" என்றேன். குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "வேற தட்டில போட்டுத் தாறன், அக்கா."

"இரு கோணேசு. ஆறு வருசத்து இலைய அறுத்துப்போட்டு, எனக்குத் தட்டா தரப்போறாய்?"

சோற்றில் கை வைத்துவிட்டார்.

பருப்பை விட்டுப் பிசைந்தார். அப்பளத்தை நொறுக்கினார். பசித்தவர்கள் தின்கிற மாதிரித் தின்றார். ஒவ்வொரு பிடியும் அவர் வாய்க்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாமான் கட்டுற கதய விடு," என்றார் பாதியில். "வாற வருசம் அளக்கட்டும் அவனுகள். உப்புக் கொஞ்சம் தா."

கொடுத்தேன். 

"என்ட தம்பிக்கும் சேத்துக் கும்பிடு புள்ள. எந்த ஆமிக் காம்பில சோறு தண்ணியில்லாமக் கிடக்கானோ. திங்கட்கிழமை திரும்பவும் செஞ்சிலுவைக்கு எழுதுறன். வெளிய வந்தானெண்டா உங்கட சுகத்தத்தான் முதல்ல கேப்பான்."

"ஓம், அக்கா."

எண்பத்தைந்து ஆடியில், ஊரில், அந்த லொறியை மறித்த ஆமிக்காரர் இறக்கியது இரண்டே பேரை. ஒருவர் வீரக்குட்டி. மற்றவர் லொறி ஓட்டி வந்த அகஸ்ரின், றோஸ்மேரி அக்காவின் தம்பி. வெடிச் சத்தமும் இரண்டுதான். வேலியோரம் இருவரும் கிடந்ததை மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு நான் பார்த்தேன்.

கனடாவில் வந்து இறங்கியபோது அக்கா கேட்ட முதல் சொல், "தம்பி?"

"கொண்டுபோயிட்டாங்க" என்றேன். எங்களை ஏற்றிவந்ததால் செத்தான் என்று தெரிந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போவாரா என்று பயம். அன்று வாயில் வந்தது அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்ல இருந்தேன்.

அக்கா கடைசிப் பருக்கையையும் வழித்து எடுத்தார். "நல்லாச் சமைச்சிருக்காய்" என்றார்.

அகஸ்ரினின் சாவுச் செய்தியை நான் இன்னும் அவருடைய அக்காவிடம் கொடுக்கவில்லை. ஒரு வருசக் கடன்.