வில்லோ கோணர்ஸுக்கு ஒரு பஸ்

ஊரே திரண்டு நின்று கைதட்டியது. பஸ்ஸில் இருந்து முதல் ஆளாக இறங்கிய இக்னேசியஸ், கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். இப்படி ஒரு வரவேற்பைத் தான் எதிர்பார்க்கவே இல்லை என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று, முதல் நாளே கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தார்.

ஒஷாவாவையும் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில் கிடக்கிற சின்ன ஊர் வில்லோ கோணர்ஸ். ஒரு பேக்கரி, ஒரு தேன் பண்ணை, பழைய மாவு ஆலை ஒன்று. கார் இல்லாதவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது.

"கார் இல்லாத சனமும் கிராமம் பார்க்கவேணும், கிராமமும் பிழைக்கவேணும்" என்று சொல்லி, நகரத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த மார்க்கம் ரோட்டுப் பக்கம் இருக்கிற வோபர்னில் இருந்து சனிக்கிழமைகளில் ஒரு பஸ் விடச்சொல்லி வருடக்கணக்கில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர் இக்னேசியஸ். ஏறி இறங்கியதெல்லாம் தன்னுடைய பெரிய காரில் என்பது வேறு விஷயம்.

வில்லோ கோணர்ஸில் பெற்றோல் ஸ்டேசன் வைத்திருக்கும் நவரட்ணம்தான் அங்கே அவருக்கு வலது கை. பஸ் வேண்டும் என்று ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் கையெழுத்து வாங்கித் தந்தவர் அவர். இன்று பரீட்சை ஓட்டம். பஸ்ஸில் ஆள் நிறைந்தால் சேவை நிரந்தரமாகும். நிறையாவிட்டால் இக்னேசியஸின் மானம் கப்பலேறும். பஸ் நிறைந்துதான் வந்திருந்தது.

"இஞ்சேருங்கோ" என்று மனைவி அன்ரனெற் காதுக்குள் சொன்னார். "சனமெல்லாம் கலியாண வீட்டுக்குப் போறமாதிரி வெளிக்கிட்டு நிக்குது."

"எங்களுக்குத் தாற மரியாதையப்பா. நீ படத்தை எடு."

இக்னேசியஸ் பேசினார். இரண்டாவது வசனம் முடியமுதலே கைதட்டினார்கள். நான்காவதுக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். "இந்தப் பஸ் உங்கள் ஊரின் தலையெழுத்தை மாற்றும்" என்று அவர் ஆங்கிலத்தில் முழங்கியபோது முன்வரிசையில் நின்ற ஒரு சீமாட்டி விசிலே அடித்துவிட்டார். இதுவே போதும் என்று இக்னேசியஸ் மிச்சப் பேச்சைக் கைவிட்டார்.

நவரட்ணம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய உபகாரம் தம்பி. நீங்கள் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய் ஊரைப் பாருங்கோ. எங்களைப் பற்றி யோசியாதேங்கோ."

"என்ன பண்பான சனம்!" என்றபடி இக்னேசியஸ் தன் கூட்டத்தை முன்னால் நடத்திக்கொண்டு போனார். திரும்பிப் பார்ப்பது தலைவருக்கு அழகில்லை என்று பார்க்கவில்லை. பஸ் எப்படியும் வோபர்ன் போய்விட்டுப் பின்னேரம்தானே வரும்.

பேக்கரி பூட்டியிருந்தது. தேன் பண்ணையில் தேனீக்கள் மட்டும் நின்றன. மாவு ஆலையின் கதவைத் தட்டித் தட்டி இக்னேசியஸின் கை நொந்தது. தெருவில் ஒரு காக்கை குருவி இல்லை.

"பசிக்குது அங்கிள்" என்றாள் கூட்டத்தில் வந்த ஷரோன். "நத்திங் இஸ் ஓப்பின்."

"நான் புட்டும் சம்பலும் கட்டுறன் எண்டனான்" என்றார் அன்ரனெற், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. "ஒருத்தரும் சாப்பாடு கொண்டுவரக் கூடாது, ஊர்க்கடையில வாங்கித் திண்டாத்தான் கிராமம் வளரும் எண்டு இவர்தான் சட்டம் போட்டவர்."

கூட்டம் முழுவதும் இக்னேசியஸைத் திரும்பிப் பார்த்தது. சற்று முன்னர் கைதட்டிய சனத்தின் பார்வை போல அது இருக்கவில்லை. அவர் பெற்றோல் ஸ்டேசனுக்கு விறுவிறென்று நடந்தார். அதுவும் பூட்டு. ஒரு பிஸ்கற் பெட்டி கண்ணாடிக்குள் இருந்து அவரைப் பார்த்தது.

போனை எடுத்து நவரட்ணத்தை அழைத்தார். மறுபக்கத்தில் ஒரே பாட்டும் சிரிப்பும். யாரோ விசில் அடித்தார்கள்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? இஞ்ச ஒரு கடையும் திறக்கேல்லை. உங்கட சனத்தில ஒண்டையும் காணேல்லை. என்ர ஆக்கள் பசியில என்னைத் திண்டுபோடுவினம் போல கிடக்கு!"

"சத்தம் கேக்கேல்லைத் தம்பி, சனம் சந்தோசத்தில கத்துது" என்று நவரட்ணம் குரலை உயர்த்தினார். "நானே எடுக்கவேணும் எண்டு இருந்தனான். மார்க்கம் ரோட்டில எந்தக் கடைக் கொத்துரொட்டி திறம்?"