மாதிரிக்கு முப்பது புழு

இருபத்தோராவது வீட்டுத் தொட்டியிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள் சிவசங்கரி. ஒரு கொசுப்புழுகூட இல்லை.

அட கடவுளே, பின்னே இந்தக் கொசு எங்கிருந்துதான் கிளம்பி வருகிறது?

நாகலாபுரத்தில் அந்தத் தெருவுக்கு அவள்தான் ஆஷா சுகாதாரப் பணியாளர். பக்கத்து வீட்டு மாசிலாமணிக்கு டெங்கு என்று முந்தாநாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இவள் வீட்டிலோ தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் யமுனா. ஏழாம் மாதம். காலில் வெள்ளை வரி போட்ட டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும்.

தெருவையே புரட்டிப் போட்டுவிட்டாள். ரத்னம்மாவின் ஆட்டுரல், கங்கையா வீட்டு ஃப்ரிட்ஜின் பின்தட்டு, டயர், கொட்டாங்கச்சி. எல்லாம் காய்ந்து கிடந்தன.

காயாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை, தொட்டி குடமெல்லாம் கவிழ்த்துக் காயவைக்கிற டிரை டே வந்தால் அவள் போடுகிற சத்தம் அப்படி. வெறும் பேச்சை யார் கேட்கிறார்கள்? ஊறுகாய் பாட்டிலில் புழுவைப் பிடித்து வீடுவீடாக நீட்டுவாள்.

"நல்லா பாரு. எட்டே நாளு, ரெக்க மொளச்சி உன் வூட்லயே சுத்தப் போவுது!"

மிரண்டுபோய்க் குடத்தைக் கவிழ்ப்பார்கள்.

முதல் வாரம் மூடியை இறுக்கி வைத்ததில் புழுவெல்லாம் செத்துப்போயின. செத்த புழுவைப் பார்த்து எவன் பயப்படுவான்? அப்புறம்தான் மூச்சு விடட்டும் என்று மூடியில் பெரிய ஆணியால் நாலு ஓட்டை போட்டாள். அப்படியும் ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டேதான் வந்தன. சனியன்கள் சாகின்றன என்று நினைத்துப் புதிதாகப் பிடித்துப் போடுவாள். இரண்டு மாதமாக இதே வேலை.

அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தாள். நாளை வெள்ளிக்கிழமை. யமுனாவின் கட்டிலுக்கு மேலே அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

போன வாரம் முப்பது புழுவாவது போட்டிருப்பாள். இப்போது ஒன்றும் நெளியவில்லை.

அடியில் செத்துக் கிடக்கவும் இல்லை. தண்ணீரின் மேல் உரித்துப்போட்ட வெறும் தோல்கள் மிதந்தன.

மூடியின் ஓட்டை ஒன்றிலிருந்து மெல்லிய கால் ஒன்று வெளியே நீண்டது. வெள்ளை வரி போட்ட கால்.

கட்டிலில் யமுனா கணுக்காலைச் சொறிந்தாள்.

"காத்தாலருந்து புடுங்குதும்மா. எவ வூட்ல வளத்துக்கினு கீறாளோ, போய்ப் பாரேன்."