நடுக்கடலில் இரண்டு தேங்காய்மட்டைகள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் மீசை இப்பவே உதிர்ந்துபோகட்டும்!

கைக்குட்டை அகலத்தில் இரண்டு தீவுகள். ஒன்று மணல்தீவு, இன்னொன்று சேற்றுத்தீவு. ஒவ்வொன்றும் தனி நாடு. மணல்தீவில் கொடுக்கன் என்றொரு நண்டு. வளையில் தண்ணீர் ஏறினாலும் நாட்டைத் திட்டும், வற்றினாலும் திட்டும். ஒருநாள், "சேற்றுத்தீவில் ராஜவாழ்க்கையாம், நான் போகிறேன்" என்று ஊரைக் கூட்டி விடைபெற்று, தேங்காய்மட்டையில் ஏறித் துழாவிக்கொண்டு கிளம்பிவிட்டது.

நடுக்கடலில் எதிரே இன்னொரு மட்டை, அதன்மேல் சேற்றுத்தீவுக் கிழநண்டு.

"எங்கே அண்ணே?"

"உங்க நாட்டுக்குத்தான் தம்பி. எங்க நாட்டில் நண்டு குடியிருக்குமா?"

"எங்க நாட்டுக்கா? அங்கே இரையும் கிடையாது, ஈரமும் கிடையாதே!"

"ஆமாமா, வெறும் பொட்டல் என்றுதான் நானும் கேள்விப்பட்டேன். இருந்தாலும் எங்க ஊருக்கு அது தேவலை."

கொடுக்கனுக்குச் சுருக்கென்றது. "எவன் சொன்னான்? எங்க மணலில் கால் வைத்தாலே வளை தானாகத் தோண்டிக்கொள்ளும்!"

"அட போடா! எங்க சேற்றை ஒரு வாய் தின்றுவிட்டு அப்புறம் பேசு!"

கொடுக்கும் கொடுக்கும் மோதின. இரண்டு மட்டையும் கவிழப் பார்த்தன.

மூச்சுவாங்கி விலகியபின் கொடுக்கன் யோசித்தது. திரும்பிவிடலாம்தான், ஆனால் எந்த முகத்தோடு? தவிர, கிழம் இந்தப் போடு போடுகிறதென்றால் அந்தச் சேற்றில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். முன்னைவிட வேகமாகச் சேற்றுத்தீவை நோக்கித் துழாவியது. திரும்பிப் பார்த்தால், கிழநண்டு அதைவிட வேகமாக மணல்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்கும் கொடுக்கன் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து, "என்ன இருந்தாலும் எங்க ஊர் மணல் வருமா?" என்கிறதாம்.

சொன்னது நான் என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். நானும் ஊர்விட்டு வந்து இதே பாட்டைப் பாடுகிறவன், என் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரிப்பாள்.