பழைய பிளக்

"பழைய பிளக் ஒண்ணு கொண்டு வந்திருந்தா போதுமேம்மா, பக்கத்துல வச்சுப் பாத்துக் குடுத்திருப்பேன்" என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர் அவளிடம். கண்ணாடி மேசைமேல் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளை நிறுத்துகிறார். அவற்றின் பீங்கான் கழுத்தில் குழல்விளக்கின் வெள்ளை வழிகிறது. ஒன்றில் மட்டும் திருகு மரை சற்று நீளம். "நீளம் கூடிப்போனா பிஸ்டன்ல இடிச்சிரும். எஞ்சினே காலி." பழையவை அவள் கணவனின் சட்டைப்பையில் இருக்கின்றன. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கார் கிளம்ப முடியாதபடி அதிலிருந்து நான்கையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறான்; ஜன்னலில் நிற்கும் அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடக்கிறான். இன்று அவசரத்தில் ஸ்பேனரை பானட்டின்மேல் மறந்துவிட்டான். அவள் பெட்டி பின்சீட்டில் ஏறிவிட்டது. வியர்த்த உள்ளங்கையில் கார்ச்சாவி பதிந்து கிடக்கிறது. "இவ்வளவுதாங்க இருக்கும்" என்று விரல்களை விரித்துக் காட்டுகிறாள். "இதென்ன விரல்ல அளக்கிற சமாச்சாரமா?" அவர் வாஞ்சையாகச் சிரிக்கிறார். "அப்ப ரெண்டு தினுசுலயும் குடுத்துடுங்க." "எதுக்கும்மா வீண் செலவு? சார் நமக்குத் தெரிஞ்சவர்தானே, ஒரு வார்த்தை கேட்டுடலாம்." அவள் வேண்டாம் என்பதற்குள் அவர் போன் பிளக்குகளுக்கு நடுவே வந்து படுத்துவிடுகிறது. ஸ்பீக்கரில் மணி போகிறது. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி பின்னோக்கி வந்து நிற்க, கடை இருள்கிறது. மணி நிற்கிறது.

"சொல்லுங்கண்ணே" என்கிறது அவன் குரல்.