பதினேழாம் ஸ்லைடு

அவளைப் போட்டுக்கொடுத்தது நான்தான். அதுல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

எங்க லேப்ல பிராஸ்டேட் கேன்சர் ஆராய்ச்சி. கட்டி வளர ரத்தம் வேணும். ஒரு ஜீன் அடங்கிக் கிடக்கிற வரைக்கும் கட்டியும் அடங்கிக் கிடக்குமாம். அது முழிச்சுக்கிட்டா புதுசு புதுசா ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்து, உறிஞ்சிக் கொழுக்குமாம். நிஜந்தானான்னு பார்க்க ரெண்டு வருஷமா மாடா உழைக்கிறோம்.

ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சதைத் துணுக்கை மெல்லிசா சீவி ஸ்லைடு போடுறது என் வேலை. மைக்ரோஸ்கோப்ல குழாய்களை எண்ணுறது அவ வேலை. கேன்சர் உள்ளவங்க, கேன்சர் இல்லாம வெறும் வீக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க எல்லாருடையதும் கலந்து இருக்கும். எது எதுன்னு எண்ணுறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கண்ணு தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால ஸ்லைடுல நம்பர் மட்டும். யாருக்கு என்ன வியாதி, என்ன வயசு, என்னிக்கு ஆபரேஷன்ங்கிற பட்டியல் ஒட்டின கவர்ல, மேடம் அலமாரியில.

அந்தக் கவரைத்தான் பிரிச்சுப் படிச்சுக்கிட்டிருந்தா. சாப்பாட்டு நேரம், யாரும் இல்லைன்னு நினைச்சிருப்பா. கையும் களவுமா நான் பார்த்துட்டேன். ஒண்ணும் தெரியாத பாப்பா, போட்டாளாம் தாப்பா.

நேரா மேடம்கிட்ட போய்ச் சொன்னேன்.

மேடம் எல்லாரையும் கூப்பிட்டாங்க. இதுவரைக்கும் எண்ணினது அத்தனையும் குப்பை, வேற ஆளை வச்சு முதல்லேருந்து எண்ணணும்னு பொரிஞ்சு தள்ளினாங்க.

“எதுக்குப் பிரிச்சே?”

“பதினேழாம் நம்பரைப் பார்க்கணும்னுதான் மேடம். தனியா சொல்றேனே.”

“தனியா என்ன ரகசியம்? எல்லார் உழைப்பையும் கெடுத்திருக்கே. எல்லார் முன்னாலயும் சொல்லு.”

அவ என்னை ஒரு தடவை பார்த்தா. முறைக்கிறான்னுதான் நினைச்சேன். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மூணு தடவை கேட்டும் வாயைத் திறக்கலை.

நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒத்தை ஆளா குடும்பம் நடத்துறவ. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா உப்பைத் தின்னா தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்.

சாயங்காலம் பையை மாட்டிக்கிட்டு நேரா என் மேஜைக்கு வந்தா. சண்டைக்குத்தான் வர்றான்னு நானும் தயாரா நிமிர்ந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்தா.

அந்த ஸ்லைடு பத்திச் சொன்னா. ஒரே ஒரு மூலையில மட்டும் குழாய்ங்க எறும்பா மொய்ச்சுதாம். அந்த ஜீனும் அந்த மூலையிலதான் முழிச்சிருந்துச்சாம். டாக்டர் ஏற்கெனவே கண்டுபிடிச்சிருப்பாரு, அதை உறுதி பண்ணிக்கிட்டா நிம்மதியா இருக்கலாம்னுதான் கவரைப் பிரிச்சாளாம். பட்டியல்ல அந்த நம்பருக்கு நேரா ‘கேன்சர் இல்லை’ன்னு போட்டிருந்துச்சாம்.

“அந்த மனுஷன் தப்பிச்சோம்னு நினைச்சுக்கிட்டு நடமாடுறாருண்ணே. உடனே மறுபடி டெஸ்ட் பண்ணினா பிழைச்சுக்கலாம்.”

எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்துச்சு. இதை மேடம் முன்னால சொல்லித் தொலைச்சிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்குமே.

“முன்னப்பின்ன தெரியாத யாரோ ஒருத்தருக்காக ஏன் ஊமையா நின்னே?”

அவ குரலைத் தாழ்த்திக்கிட்டா.

“பட்டியல்ல பதினேழுக்கு நேரா போன மார்ச் ஒன்பதாம் தேதி ஆபரேஷன்னு இருந்துச்சு, வயசும் உங்க வயசு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில அண்ணிக்குத் துணையா நான்தானே உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் முன்னால எப்படிண்ணே சொல்லுவேன், அது நீங்கன்னு?”